ரெண்டு லட்சம் மானியம் வந்து சேர்ந்த கதை

பாக்குமட்டைத் தட்டு மெஷின் போடலாம் என்று முடிவெடுத்தபோது எனக்கு வயது 43. மாவட்டத் தொழில் மையத்தில் எனக்குச் சொன்ன திட்டத்தின் பெயர், வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். "இளைஞர்னு போட்டிருக்கே சார்" என்று கேட்டேன். பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வு உண்டாம். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். உற்பத்தித் தொழிலுக்கு மொத்தத் திட்டச் செலவு 15 லட்சம் ரூபாய் வரை போகலாம், அதில் 25 சதவீதம் தமிழக அரசின் மானியம். அலுவலகத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, யு.ஒய்.இ.ஜி.பி. என்று ஆங்கிலச் சுருக்கத்தைச் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நான் முதலில் போனது ஜனவரிக் கடைசியில். அது தப்பு. பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கும் பணம், மாவட்டத்துக்கு இத்தனை பேர், இத்தனை ரூபாய் என்று பிரிந்து வருகிறது. நான் போன நேரத்தில் எங்கள் மாவட்டத்துக்கான இலக்கு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. "இப்பப் போட்டா ஃபைல் தூங்கும்மா. ஏப்ரல் தாண்டி வாங்க" என்றார் அங்கே இருந்தவர். அதுவரை பட்ஜெட் என்றால் டிவியில் பெட்டியோடு வருவார்களே, அதுதான் என்று இருந்தேன். அந்த வருடம் மார்ச்சில் உரையை உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். என் திட்டத்தின் பெயர் வருகிறதா என்று காத்திருந்ததில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

சும்மா இருந்த அந்த இரண்டு மாதம் உண்மையில் நல்லதுக்குத்தான். நான் எழுதி வைத்திருந்த திட்ட அறிக்கையில் மெஷினும் அச்சுகளும் மட்டுமே இருந்தன. வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மட்டை நன்றாக விழுவதும் காய்வதும் வெயில் காலத்தில். அப்போது மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்காவிட்டால் மழைக்காலத்தில் மெஷின் சும்மா நிற்கும். ஈரம் பட்ட மட்டையில் பூஞ்சை வந்துவிடும், அப்புறம் அந்தத் தட்டை யாரும் வாங்க மாட்டார்கள். சரி என்று, மட்டை வாங்க நடைமுறை மூலதனம் சேர்த்து அறிக்கையை 8 லட்சத்துக்கு மாற்றி எழுதினேன். கொட்டேஷன் வாங்கும்போது ஜிஎஸ்டியோடு சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும். என் முதல் கொட்டேஷனில் அது இல்லை, திரும்ப அலைந்தேன்.

ஆன்லைனில் விண்ணப்பித்தது, நேர்காணல், பரிந்துரை எல்லாம் பெரிய தொல்லை இல்லாமல் முடிந்தன. தொல்லை வங்கியில்.

ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: மானியம் அரசுடையது, கடன் வங்கியுடையது. தொழில் மையம் பரிந்துரைக்கத்தான் முடியும். நான் போன முதல் கிளையில் ஆறு வாரம் "அடுத்த வாரம் வாங்க மேடம்" என்றார்கள். கடைசியில், ஈடாக வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொன்னேன். "விதி இருக்குங்க, ஆனா..." என்று இழுத்தார் மேலாளர். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. தொழில் மையத்தில் சொல்லி, மகளிர் குழுக் கடனை நான் ஒழுங்காகக் கட்டிவந்த இன்னொரு வங்கிக்கு ஃபைலை மாற்றிக்கொண்டேன். அங்கே வேறொரு சிக்கல். சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் பழைய செல்போன் தவணை ஒன்று, 1,140 ரூபாய், கட்டாமல் நின்றிருந்தது. மகன் வாங்கிய போன்! கட்டிவிட்டுச் சான்று கொடுத்த பிறகுதான் கடன் சாங்ஷன் ஆனது.

இனி கணக்கு. 8 லட்சத்தில் பெண் என்பதால் என் பங்கு 5 சதவீதம், 40,000 ரூபாய். மீதி 7,60,000 வங்கிக் கடன். மானியம் 2 லட்சம். இதைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்து மாமியார் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தார். அது வங்கியிலேயே என் பெயரில் தனிக் கணக்கில் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த 2 லட்சத்துக்கும் வட்டி போட மாட்டார்கள். குறிப்பிட்ட காலம் தொழிலை நடத்தி, தவணையை ஒழுங்காகக் கட்டினால் கடனில் கழிப்பார்கள். ஆனால் மானியம் வந்து சேரும்வரை முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். எனக்கு நான்கு மாதம் ஓடியது. மெஷின் வந்த நாளிலிருந்தே அந்த வட்டிக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பது நல்லது.

தட்டுக்கு வாங்க ஆள் தேட நான் அதிகம் அலையவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தட்டு, கப்புக்குத் தடை இருப்பதால் சமையல் கான்ட்ராக்டர்களே கேட்டு வருகிறார்கள். தடை போட்டதும் இதே அரசாங்கம்தான், மானியம் கொடுத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய உதவி என்று சில நாள் தோன்றும்.

இன்னொன்றும் இருக்கிறது, தாமதமாகத்தான் தெரிந்தது. புதிய குறு உற்பத்தித் தொழிலுக்கு மின் கட்டணத்தில் 20 சதவீதம், 36 மாதங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்கு எல்லா ரசீதும் வேண்டும். ஐந்து மாத ரசீதில் நான்கு கிடைத்துவிட்டது. மூன்றாவது மாதத்தினுடையதை, மட்டை ஊற வைக்கும் தொட்டிப் பக்கம் வைத்ததாக ஞாபகம்.