பத்து நாள் ஆடிய எங்கள் ஃபைவ்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வடசென்னை வியாசர்பாடியின் முல்லை நகர் கிரவுண்டில் பதினொரு வயசுப் பையன் ஒருத்தன், தன்னைவிட ஒரு தலை உயரமானவனைத் தாண்டிப் போனான். வேகத்தால் தாண்டவில்லை. பந்தின் தலையில் உள்ளங்காலை வைத்தான். பின்னால் ஒரு இழுப்பு, பக்கவாட்டில் ஒரு உருட்டு, ஆள் மறுபக்கம். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யார்ட்ட கத்துக்கின?"

"எங்க அண்ணன்கிட்டண்ணா."

அந்த அண்ணனை எனக்கு நன்றாகவே தெரியும். 2016 ஜூலையில் நேரு உள்விளையாட்டரங்கத்தில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. நாங்கள் பார்க்கப் போனது சென்னை ஃபைவ்ஸ் என்ற அணியை.

அப்படி ஒரு அணி இருந்ததே இன்று பலருக்கு ஞாபகம் இல்லை. ஃபுட்சால் என்பது பக்கத்துக்கு ஐந்து பேராக உள்ளரங்கில் ஆடும் ஃபுட்பால். பிரீமியர் ஃபுட்சால் என்று அதற்கு ஒரு போட்டித் தொடர், ஆறு ஊர், ஆறு அணி. தொடரின் தலைவராக போர்ச்சுகல் வீரர் ஃபிகோ. அணிக்கு ஒரு நட்சத்திர வீரர். மும்பைக்கு ரயன் கிக்ஸ், கொல்கத்தாவுக்கு கிரெஸ்போ, பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொச்சிக்கு சல்காடோ, கோவாவுக்கு ரொனால்டினோ. அவர் இரண்டே ஆட்டத்தோடு கிளம்ப, அவர் இடத்துக்கு காஃபு வந்தார். ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுப் போட்டார், விராட் கோலி விளம்பரத்துக்கு வந்தார். ஜூலை 15-ம் தேதி சென்னையில் தொடங்கி 24-ம் தேதி கோவாவில் முடிந்தது.

நம்ம ஊருக்குக் கிடைத்தவர் ஃபால்காவோ. மற்ற ஐந்து பேரும் பெரிய மைதானத்தில் பேர் வாங்கியவர்கள். இவர் ஒருத்தர்தான் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தவர். பிரேசிலின் 12-ம் நம்பர், 2008-லும் 2012-லும் ஃபுட்சால் உலகக் கோப்பை வென்றவர். டீக்கடையில் எல்லாரும் ரொனால்டினோ கோவாவுக்குப் போய்விட்டாரே என்று வருத்தப்பட்டபோது, நமக்கு வந்திருப்பதுதான் அசல் சரக்கு என்று நான் தொண்டை வறளச் சண்டை போட்டேன்.

அந்தப் பேரும் எங்களுக்குப் புதுசாகத் தெரியவில்லை. ஃபைவ்ஸ் என்பது வியாசர்பாடியில் தினசரி பேச்சு. பதினொரு பேருக்கு இடம் ஏது? கல்யாணபுரத்துச் சந்தில் செங்கல்லை வைத்து கோல் போஸ்ட், சுவரில் பட்டாலும் ஆட்டம் நிற்காது. அந்த இடநெருக்கடியில்தான் எங்கள் பையன்கள் கால் வேலை கற்றுக்கொள்கிறார்கள். ஃபுட்பால் வீரர் தன்பால் கணேஷ் எங்கள் ஏரியா. 2015-ல் சென்னையின் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற வருஷம்தான் அவர் அந்த அணிக்குப் போனார். நந்தகுமார் சேகரும் இங்கிருந்து கிளம்பியவர்தான். 2023 டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் போட்டாரே, அவரேதான். அன்றைக்குக் கல்கத்தாவில் அடித்த கோலுக்கு இங்கே பட்டாசு வெடித்தோம்.

அந்த ஜூலை சாயங்காலத்துக்கு வருகிறேன். நான் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஓவர்டைம் காசில் மூன்று டிக்கெட் எடுத்தேன். பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி, மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பெரியமேட்டுக்கு நடந்தோம். அதற்கு முந்தின டிசம்பர் வெள்ளத்தில் இந்த இரண்டு பேர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். ஷூ, ஸ்கூல் பை எல்லாம் போயிருந்தது. ஒருத்தன் ரப்பர் செருப்போடுதான் வந்தான்.

உள்ளே நுழைந்ததும் அந்தக் குளிரும் வெளிச்சமும்! ஏசி போட்ட இடத்தில் ஃபுட்பால் பார்ப்பது எங்கள் மூன்று பேருக்குமே அதுதான் முதல் தடவை. பத்துப் பத்து நிமிஷமாக நாலு பகுதி. பந்து சின்னது, துள்ளாது. தரையோடு ஒட்டிக்கொண்டே ஓடும். அதனால் உதைக்கிற சத்தம்கூட வேற மாதிரி, 'டப்' என்று அடங்கிக் கேட்கும். ஷூ தரையில் உரசும் சத்தம் மேல் வரிசை வரைக்கும் வந்தது.

ஃபால்காவோ அப்போது முப்பத்தொன்பது வயசுக்காரர். அதிகம் ஓடவில்லை. பந்து வரும், உள்ளங்கால் அதன்மேல் படுக்கும், உலகமே ஒரு நொடி நிற்கும். எதிராளி வலதா இடதா என்று முடிவெடுப்பதற்குள் பந்து இன்னொருத்தன் காலில் இருக்கும். என் பக்கத்தில் இருந்தவன் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினான்.

"அண்ணா, அடிக்கால்லயே உருட்றாருண்ணா. நம்ம சந்துல இத்த ஆடலாம்ணா."

அவன் சொன்னதுதான் சரி. பெரிய மைதானத்தில் பார்த்த எதையும் நாங்கள் அப்படியே சந்துக்குக் கொண்டுவர முடிந்ததில்லை. இதைக் கொண்டுவர முடியும். இரண்டடி இடம் போதும். திரும்பி வரும் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலுக்கடியில் காலி வாட்டர் பாட்டிலைப் போட்டு உருட்டிக்கொண்டே வந்தான்.

இறுதிப் போட்டிக்கு மும்பையும் கொச்சியும் போயின. பெனால்டியில் மும்பை ஜெயித்தது. எங்கள் அணி அங்கே இல்லை. அடுத்த வருஷம் எல்லா அணிக்கும் பேர் மாறியது. சென்னை ஃபைவ்ஸ், சென்னை சிங்கம்ஸ் ஆனது. ஆட்டங்கள் மும்பை, பெங்களூர், துபாய் என்று போய்விட்டன. சென்னை பேரில் ஒரு அணி, சென்னையில் ஒரு ஆட்டம்கூட இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மூன்றாவது வருஷம் தொடரே நடக்கவில்லை.

ஏன் நின்றது என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்தே ஏற்கவில்லை. ஃபுட்சால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்குக் கீழ் வருவது, அதனால் தன் அனுமதி வேண்டும் என்றது. தொடரை நடத்தியவர்கள் ஏஎம்எஃப் என்ற வேறொரு உலக அமைப்போடு போனார்கள். மேலே பெரிய பேர்கள், டிவி, வெளிச்சம். கீழே ஜில்லா போட்டி இல்லை, ஸ்கூல் போட்டி இல்லை. நட்சத்திரங்கள் விமானம் ஏறியதும் பிடித்து நிற்க ஒன்றும் இல்லை. சம்மேளனம் தன் பங்குக்கு கிளப் அணிகளுக்கான ஃபுட்சால் போட்டியை 2021-ல்தான் தொடங்கியது. இந்தியாவுக்கென்று ஆண்கள் ஃபுட்சால் அணி களம் இறங்கியது 2023-ல். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தவனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. ஹார்பரில் நைட் ஷிஃப்ட்டுக்குச் சேர்ந்துவிட்டான்.

ஃபால்காவோவைப் பற்றி இன்னொன்று. சென்னையை விட்டுப் போன இரண்டாவது மாசம், கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பையில் பிரேசில் ஈரானிடம் பெனால்டியில் தோற்றது. அதுவே அவருடைய கடைசி உலகக் கோப்பை. ஜெயித்த ஈரான் வீரர்கள் தங்கள் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு அவரைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தார்கள். அந்த வீடியோவை செல்போனில் வைத்து கிரவுண்டில் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேனோ, கணக்கே இல்லை.

போன ஞாயிறும் காட்டினேன். சின்னவன் கண் இமைக்காமல் பார்த்தான். பிறகு கேட்டான்:

"இவரு நம்ம டீமாண்ணா?"

"ஆமாடா. நம்ம டீம்."

அடுத்த வாரம் பெரியமேட்டுக் கடையில் துள்ளாத நாலாம் நம்பர் பந்து ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் அண்ணனுக்கு அன்றைக்கு லீவாம், வருகிறேன் என்றிருக்கிறான்.