உப்புவெளிக் கொட்டிலில் ஒரு சின்ன பெற்றோல் எஞ்சின்

நீராவி எஞ்சின் மொடலில் பிஸ்டன் பக்கத்தால் கொஞ்சம் காற்றுப் போனாலும் பரவாயில்லை, கொம்பிரெசர் குழாயை மாட்டினால் ஓடிவிடும். பெற்றோல் எஞ்சின் அந்தச் சலுகையைத் தராது. தான் உறிஞ்சிய காற்றைத் தானே அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். சின்ன எஞ்சினில் அந்தக் காற்றே மிகக் கொஞ்சம் என்பதால், மயிரிழை ஒழுக்கு இருந்தாலும் தீப் பற்றாது. வீட்டில் இப்படி ஒன்று செய்யப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் சொல்வது இதைத்தான்: பிளக்கையும் பெற்றோலையும் பிறகு பாருங்கள், முதலில் காற்றைப் பிடியுங்கள்.

நான் தேர்ந்தது ஹிட் அன்ட் மிஸ் வகை. ஒற்றைச் சிலிண்டர், 1876இல் ஒட்டோ ஓட்டிக் காட்டிய அதே நான்கு வீச்சு முறை: உறிஞ்சல், அமுக்கல், வெடி, புகை தள்ளல். சிலிண்டர் விட்டம் 24 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 30, கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 13.5 சீசீ. அமுக்க விகிதம் 5க்கு 1. வீட்டு வேலைக்கு இந்த வகை பொருந்தக் காரணம் உண்டு. உள்வால்வை எதுவும் தள்ளுவதில்லை, பிஸ்டன் இறங்கும்போது வரும் உறிஞ்சலே அதைத் திறக்கும். அதனால் புகை வெளியேறும் எக்சோஸ்ட் வால்வுக்கு மட்டும், அதைத் தள்ளித் திறக்க ஒரு கேம் போதும். வேகம் கூடினால் ஃப்ளைவீல் என்ற பாரச் சில்லில் உள்ள எடைகள் விரிந்து, ஒரு கொளுக்கி எக்சோஸ்ட் வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். உறிஞ்சல் இல்லை, பெற்றோலும் இல்லை, வெறுமனே சுழலும். வேகம் குறைந்ததும் கொளுக்கி விட்டுவிட, திரும்ப ஒரு வெடி. பழைய நாளில் தோட்டங்களில் தண்ணீர் இறைத்த எஞ்சின்களில் பல இப்படித்தான் ஓடின.

வார்ப்பிரும்பு எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் கிடைத்தது. 2009இல் பாலம் திறந்ததிலிருந்து போய்வருவது சுகம். அங்கே படகு எஞ்சின் திருத்தும் நானா ஒருவர், உடைந்துபோன லிஸ்டர் எஞ்சின் ஃப்ளைவீலின் விளிம்புத் துண்டு ஒன்றைத் தூக்கித் தந்தார். "நல்ல வார்ப்பு தம்பி. ஆனா மேல்தோல் கடுமை. முதல் வெட்டை ஆழமாக் குடுங்க, தோலைத் தடவிக்கொண்டு நிண்டா டூல் போயிரும்." அப்படியே செய்தேன். ஒன்றரை மில்லிமீற்றர் உள்ளே போனதும் கறுப்புத் தூளாக அழகாகக் கொட்டத் தொடங்கியது. அந்தக் கறுப்பு இரும்புக்குள் இருக்கும் கிராஃபைட். தேய்மானத்தைக் குறைக்க எண்ணெயோடு சேர்ந்து உதவுவதும் அதுதான். சிலிண்டரும் ரிங்குகளும் அந்தத் துண்டிலிருந்தே வந்தன. பிஸ்டன் மட்டும் அலுமினியம்.

எங்கள் கரையில் ஒரு தொல்லை. வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் கடலுப்பு நேரே கொட்டிலுக்குள் வரும். பின்னேரம் மினுக்கிவைத்த சிலிண்டர் விடியும்போது செம்மை பூத்திருக்கும். செய்து முடித்த ஒவ்வொரு துண்டையும் எஞ்சின் ஒயில் ஊற்றிய பால்மா ரின்னுக்குள் போட்டு மூடிவைப்பது இங்கே கட்டாயம். லேத்தின் படுக்கைக்கும் ஒவ்வொரு இரவும் ஒயில் துணி.

அதிக நேரம் வாங்கியது, பிஸ்டனைச் சுற்றி மாட்டிக் காற்றை அடைக்கும் ரிங். தடிப்பும் அகலமும் ஒரு மில்லிமீற்றர், வெளிவிட்டம் சரியாக 24. லேத்தில் வெட்டி எடுத்து, கண்ணாடி மேல் விரித்த மெல்லிய எமரித் தாளில் இரண்டு முகத்தையும் எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். பிறகு ஓரிடத்தில் உடைப்பது. வாளால் அறுத்தால் இடைவெளி கூடிவிடும், விரலால் அழுத்தினால் 'டிக்' என்று சுத்தமாக முறியும். முறிந்த முனைகளை மெல்லிய அரத்தால் ஒரு தடவு, உள்ளே 0.1 மில்லிமீற்றர் இடைவெளி போதும். முறிந்த வாயில் நாலு மில்லிமீற்றர் இரும்புத் துண்டைச் செருகி விரித்து, ரிங்குகளை ஒரு குழாய்க்குள் அடுக்கி, உள்ளிருக்கும் ஒட்சிசனை எரித்துவிட ஒரு கடதாசித் துண்டும் போட்டு, இரண்டு பக்கமும் அடைத்தேன். சிரட்டைக் கரி நெருப்பில் மங்கல் சிவப்பு வரும்வரை வைத்து, நெருப்போடேயே ஆறவிட்டேன். எடுத்துப் பார்த்தால் துண்டை நீக்கியும் ரிங் விரிந்தபடி நிற்கிறது. அந்த விறைப்புத்தான் பிறகு சிலிண்டர்ச் சுவரை எப்போதும் அமத்திக்கொண்டிருக்கும்.

சோதனை சுலபம். சிலிண்டருக்குள் ரிங்கை நேராகத் தள்ளிவிட்டு, பின்னால் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ரிங்கின் ஓரத்தில் எங்காவது வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால் அந்த ரிங் குப்பைக்கு. எனக்கு நன்றாக வந்தவை பாதிகூட இல்லை. அதற்காகத்தான் தேவைக்கு மேலே நிறைய வெட்டிவைக்க வேண்டும்.

வால்வுக்கும் இதே கண்டிப்பு. துருப்பிடிக்காத உருக்கில் தலை 8, தண்டு 3 மில்லிமீற்றர், 45 பாகை இருக்கை. இருக்கை ஒடுக்கமாக, அரை மில்லிமீற்றருக்குள் இருந்தால்தான் நன்றாக அடைக்கும். கராஜில் பாவிக்கும் வால்வ் பேஸ்ட் இவ்வளவு சிறிய வேலைக்குப் பருமன், நான் பித்தளை மினுக்கும் பிராசோ பூசி விரலாலேயே உருட்டினேன். அடைக்கிறதா என்று பார்க்க மருந்துக்கடைச் சிரிஞ்சியும் ஒரு துண்டு இறப்பர்க் குழாயும் போதும். குழாயை வால்வின் வாசலில் அழுத்தி, சிரிஞ்சியின் பிஸ்டனை இழுத்துச் சில விநாடி பிடித்து, விட வேண்டும். 'டப்' என்று பழைய இடத்துக்கே திரும்பினால் வால்வு பிடிக்கிறது. பாதியில் நின்றால் காற்றுப் புகுந்துவிட்டது.

மற்றவை இவ்வளவு சிரமம் தரவில்லை. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கை உருளையும் தகடுமாகச் சேர்த்து வெள்ளிப் பற்றாசு வைத்தேன். பல்சில்லு 24க்கு 48, கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல அது. உள்வால்வு ஸ்பிரிங் கிற்றாரின் மெல்லிய கம்பியில் சுற்றியது, கையால் ஃப்ளைவீலைத் திருப்பினாலே வால்வு மூச்சிழுக்கும் சத்தம் கேட்கும் அளவுக்கு இளக்கம். பொறிக்கு 10 மில்லிமீற்றர் மரையுள்ள மோட்டார் சைக்கிள் பிளக், பழைய பொயின்ற், கண்டென்சர், கொயில், 12 வோல்ற் பற்றறி. பெற்றோல் தாங்கி கீழே இருப்பதால், இழுத்த பெற்றோல் திரும்ப இறங்காமல் குழாயில் ஒரு சின்ன உருக்குக் குண்டு வால்வு.

பிளக்கை இறுக்கி ஃப்ளைவீலைத் திருப்பியபோது, அமுக்க வீச்சில் அது கையை எதிர்த்துப் பின்னால் துள்ளியது. எனக்கு அந்தத் துள்ளலிலேயே எஞ்சின் ஓடிவிட்டது போல நெஞ்சு நிறைந்தது. பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஃப்ளைவீலைச் சுண்டச் சுண்ட, முதலில் உள்வாசலால் ஒரு தீப்பொறி. பொறியைச் சற்றுப் பிந்தவிட்டேன், பிஸ்டன் உச்சிக்கு வரப் பத்துப் பாகை முன்னே. அதோடு பிடித்துக்கொண்டது. ஒரு வெடி, பிறகு வெறும் சுழற்சியில் உள்வால்வின் அமைதி, திரும்ப ஒரு வெடி. அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, "நிப்பாட்டாதை, ஓடட்டும்" என்றா.

குளிர்வுக்குச் சிலிண்டரைச் சுற்றித் திறந்த தண்ணீர்த் தொட்டி, கொதித்து ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஓட்டும்போது கொட்டிலின் இரண்டு கதவும் திறந்திருக்கும், புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டு. பெற்றோல் கான் வெளியே, பொறிக்கு எட்டாத இடத்தில்.

போன கிழமை நானா வந்திருந்தார். கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "எக்சோஸ்ட் ஸ்பிரிங் மெலிசு தம்பி. உள்ளே இழுக்கக்குள்ள அதுவும் சேர்ந்து திறக்குது" என்றார். உறிஞ்சல் வீச்சில் எக்சோஸ்ட் வால்வுத் தண்டில் விரலை வைத்துப் பார்த்தேன், மெல்லிய அதிர்வு இருந்தது. அந்த வழியால் எரிந்த புகை உள்ளே வந்து கலவையைக் கெடுக்கும். 0.6 மில்லிமீற்றர் கம்பியில் புதிது சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதைப் போட்ட பிறகு ஊசியை இன்னும் மூட முடியுமா என்று பார்க்க வேண்டும்.