43 பெட்டிகளும் ஒரு பரணும்

கோடை விடுமுறையில் வீடு மாற்ற வேண்டாம் என்று அனுபவப்பட்டவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு பள்ளியாண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட அந்தச் சில வாரங்களை விட்டால், படிக்கிற பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு வேறு காலம் வாய்ப்பதில்லை. எல்லோருக்கும் அதே வாரங்கள்தான் வசதி என்பதால் சாமான் ஏற்றும் லாரிக்கும் ஆட்களுக்கும் அப்போதுதான் தட்டுப்பாடு. அதிலும் மாதக் கடைசியும் சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்துத் தேதி குறித்திருந்தும், கிளம்ப வேண்டிய நாளுக்கு 5 நாள் இருக்கும்போது அழைத்து, இன்னும் 9 நாள் தள்ளித்தான் வண்டி அனுப்ப முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் 43 பெட்டிகளைக் கட்டி ஒட்டியாகிவிட்டது. அட்டைப்பெட்டிகள் கூரை வரை ஏறி நின்ற கூடத்தில், விளையாட்டுச் சாமான்களும் கதைப் புத்தகங்களும் எந்தப் பெட்டியில் போயின என்று தெரியாத இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். பதினொரு வயது மகள் எதுவும் கேட்காமல் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது மகன் ஒரு பெட்டியின் ஒட்டுநாடாவை நகத்தால் கிழித்து உள்ளே கையை விட்டுத் தன் பொம்மை லாரியைத் தேடிக்கொண்டிருந்தான். அன்று மாலை தொலைபேசியில் பேசிய அம்மா, "அந்தப் பெட்டிக் குவியல்ல குழந்தைகளை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே, இங்க கூட்டிட்டு வா" என்றார். வேலை இருக்கிறது என்றேன். கட்டி முடித்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கணவருக்கு அலுவலகம் இருந்ததால் அவரை வீட்டில் விட்டுவிட்டு, நானும் பிள்ளைகளும் காரில் கிளம்பினோம். 6 நாள் பெட்டிகளை மறந்து ஓய்வெடுக்கலாம் என்பது என் கணக்கு.

அப்பா வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தார். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அவர் என்னைப் பரணுக்குக் கீழே நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொன்னார். "மேல இருக்கறதுல பாதி உன்னுது. புது வீடு பெரிசுன்னு சொன்னியே, எடுத்துக்கிட்டுப் போயிடு."

இருபது வருடமாக அந்தப் பரணை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்தபோது ஒரு பெட்டி, முதல் வேலைக்குப் போனபோது ஒரு பெட்டி, திருமணத்துக்குப் பிறகு ஒன்று, பிள்ளைகள் வளர்ந்து தொட்டிலுக்கு வேலை இல்லாமல் போனபோது ஒன்று என்று, ஒவ்வொரு முறை வந்தபோதும் எதையாவது இறக்கி வைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். "கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும்" என்று சொன்னதும் நான்தான். வாடகை கொடுக்காத கிடங்கு ஒன்று கைவசம் இருந்ததால்தான் எங்கள் வீட்டில் சாமான் குறைவு என்று இத்தனை காலம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன் என்பது, அண்ணாந்து நின்ற அந்தக் காலை நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் 43 பெட்டி என்று எண்ணி முடித்திருந்தேன் அல்லவா, அந்த எண்ணிக்கை தப்பு.

பரணைக் காலி செய்வதற்கு ஒரு நேர ஒழுங்கு தேவைப்பட்டது. கூரைக்கு நேர் கீழே உள்ள இடம் பகலில் அடுப்பாகக் கொதிக்கும் என்பதால் காலை ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். வயதாக ஆக உடம்பில் நீர் குறைந்தாலும் தாகம் தெரிவது மட்டுப்பட்டுவிடும். கேட்டால் "எனக்குத் தாகமே இல்லை" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் அரை மணிக்கு ஒரு முறை எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவருவது மகனின் பொறுப்பு. யார் வேண்டாம் என்றாலும் குடிக்கிற வரையில் நகராமல் எதிரே நின்றான். ஏணி மட்டும் என்னுடையது. அப்பாவுக்கு 74 வயது; மூட்டுவலி உண்டு; கீழே நின்று வாங்கி வைப்பதோடு சரி என்று பேசி முடித்திருந்தோம். மூன்றாம் நாள் மதியம் அம்மாவும் பிள்ளைகளும் கண்ணயர்ந்த நேரத்தில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், ஏணியின் நான்காவது படியில் நின்று ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். அன்று இரவு முழுவதும் அம்மா தான் சொல்ல வேண்டியதையும் நாங்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லித் தீர்த்தார்.

இறங்கியவற்றில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போயிற்று. செத்துப்போன ஒரு தொலைக்காட்சியின் வெற்றுப் பெட்டி, தெர்மாகோல் வார்ப்போடு அப்படியே இருந்தது. புத்தகங்களின் முதுகில் உள்ள பசையை ராமபாணப் பூச்சி ருசி பார்த்திருந்தது; கையில் எடுத்ததும் அட்டை ஒரு பக்கமும் தாள்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. புகைப்பட ஆல்பத்தைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வெயிலிலும் புழுக்கத்திலும் வருடக்கணக்காக அழுந்திக் கிடந்ததில் படங்கள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒன்றை உரிக்கப் பார்த்தபோது அம்மாவின் புடவையின் நிறம் மட்டும் உறையோடு வந்தது; முகம் படத்தில் தங்கிவிட்டது. மற்றவற்றை உரிக்கும் எண்ணத்தை அத்தோடு விட்டு, உறைக்கு மேலாகவே ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்தேன். கண்ணாடிபோல மின்னும் உறையில் ஜன்னல் வெளிச்சம் விழாமல் இருக்க, மகள் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பாட்டியிடம் கேட்ட கேள்விகள், நான் வாழ்நாளில் கேட்டவற்றைவிட அதிகம்.

அப்பா 31 வருடப் பணியில் 9 முறை மாற்றலாகி வீடு மாறியவர். என் பெட்டி கட்டும் முறையைக் கேட்டுவிட்டு அவர் முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர முடியாது. புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போட்டேன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியில் புத்தகத்தை நிறைத்தால் 30 கிலோவைத் தாண்டிவிடும், அடியட்டை பிய்ந்துபோகும், தூக்குகிறவனின் இடுப்பும் போகும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி என்பது அவருடைய பாடம். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தக அலமாரியில் நிற்பதுபோலச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். படுக்க வைத்தால் வண்டி குலுங்கும்போது மேலே உள்ள எடை முழுவதும் கடைசித் தட்டின் தலையில் இறங்கும். குளிர்சாதனப் பெட்டியை முதல் நாளே அணைத்துத் திறந்து வைத்து, பனி கரைந்து உலர்ந்த பிறகு நிமிர்ந்த நிலையிலேயே ஏற்ற வேண்டும். படுக்க வைத்து ஏற்றினால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும் என்பதால், போய் இறங்கியதும் சில மணி நேரம் நிமிர்த்தி நிறுத்தாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. மாத்திரை மருந்துகளை லாரியில் போடவே கூடாது. 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள், மூடிய லாரிக்குள் கோடை வெயிலில் எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசித்துப் பார் என்றார்.

எனக்குத் தெரியாததாக அவர் கேட்ட ஒரே கேள்வி சலவை இயந்திரத்தைப் பற்றியது. "அந்த போல்ட் எங்க இருக்கு?" என்றார். எந்த போல்ட் என்றேன். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் புதிதாக வந்து இறங்கும்போது, உள்ளே தொங்கும் டிரம் ஆடாமல் இருக்கப் பின்புறம் சில நீள போல்ட்டுகளைப் பூட்டியிருப்பார்கள். ஓட்டுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும், மறுபடி எங்காவது கொண்டுபோகும்போது பூட்ட வேண்டும், பூட்டாமல் ஏற்றினால் டிரம் ஊசலாடி உள்ளே எதையாவது உடைக்கும். கணவரை அழைத்துக் கேட்டேன். அவர் அரை மணி நேரம் தேடி, ஸ்குரூ டிரைவர்கள் இருக்கும் டப்பாவின் அடியில், 6 வருடத்துக்கு முன் நானே ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து வைத்திருந்த நான்கு போல்ட்டுகளைக் கண்டெடுத்துப் படம் அனுப்பினார். அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "காலுறை நல்ல யோசனை" என்றார். அந்த 6 நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

நான்காம் நாள் மகள் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பரண் பெரும்பாலும் காலியாகி, அப்பா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவள் கீழே நின்று பார்த்துக்கொண்டே, "தாத்தா, நீங்களும் வீடு மாத்தப் போறீங்களா?" என்றாள். வீடு முழுவதும் பெட்டிகளைப் பார்த்து வந்த குழந்தைக்கு வேறு என்ன தோன்றும் என்று நான் சிரிக்கப் போனேன். அப்பா சிரிக்கவில்லை. "இப்போதைக்கு இல்லம்மா" என்றார். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்று இரவு பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடி அம்மா விவரம் சொன்னார். மாடிப்படி ஏறுவது இருவருக்கும் முடியாமல் வருகிறது. தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீடு போதும் என்று ஒரு வருடமாகவே பேச்சு. அப்பா மாதத்துக்கு ஓர் அலமாரி என்று கணக்கு வைத்துக் காலி செய்துகொண்டிருக்கிறார். நான் இதற்கு முன் வந்தபோதே இரண்டு அலமாரிகள் காலியாகத்தான் இருந்தனவாம். நான் பார்க்கவில்லை. "நீ வந்தா உன் கைப்பேசியைத்தானே பார்க்கறே" என்று அம்மா குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு தகவலாகச் சொன்னார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உனக்கே வீடு மாற்றும் வேலை இருக்கிறது, எல்லாம் முடியட்டும் என்று அப்பா சொல்லிவிட்டாராம். வீடு மாற்றும் குடும்பம் நாங்கள் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு வந்து 4 நாள் ஆகியிருந்தது.

கிளம்புகிற அன்று பின்னிருக்கையின் ஒரு பக்கத்தை மடக்கி, நான்கு பெட்டிகளை அப்பா காரில் அடுக்கினார். கனமானவை கீழே, பிரேக் பிடித்தால் முன்னால் சரியாதபடி இருக்கை முதுகோடு ஒட்டி. பிறகு சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, "உன் கடைசி நம்பர் என்ன?" என்று கேட்டார். 43 என்றேன். 44, 45, 46, 47 என்று பெட்டியின் மேல்புறத்தில் அல்லாமல் பக்கவாட்டில் எழுதினார். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு மேலே எழுதியதை யார் படிப்பது என்று கேட்டார். என் 43 பெட்டியிலும் நான் மேல்புறத்தில்தான் எழுதியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மகன் மட்டும் வண்டியில் ஏறாமல் உள்ளே ஓடினான். தான் கொண்டுவந்திருந்த நிறப் பென்சில்களையும் இரண்டு பொம்மைகளையும் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு, அடுத்த விடுமுறைக்கு இங்கேயே இருக்கட்டும் என்று பாட்டியிடம் கொடுத்தான். ஒரு வாரம் பாடுபட்டு ஒழித்த பரணை நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள், அப்பா மார்க்கரின் மூடியைத் திறந்து அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் 1 என்று எழுதி, "எங்க போனாலும் இதை நான்தான் தூக்கிட்டுப் போவேன்" என்று அவனிடம் சொன்னார்.