ஆறு வாரமாக அறுபடாத நரம்பு

ஜனவரி 4, 2025, சனி

கடையை அடைக்கும் முன் மகளின் பூப்பந்து (பேட்மிண்டன்) மட்டைப் பையைத் திறந்து பார்த்தேன். மூன்று மட்டை. மூன்றிலும் நரம்பு அறுபடாமல் இருக்கிறது. பிடிக்கு மேலே நான் ஒட்டிய சின்னத் தாளில் நரம்பு கட்டிய தேதி இருக்கிறது: நவம்பர் 22. ஆறு வாரம் ஆகிவிட்டது.

போன வருஷம் வரை பத்து நாளைக்கு ஒன்று அறுந்து வரும். "அப்பா, போச்சு" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவாள்.

பினாங்கு ஜெலுத்தோங்கில், மட்டை விற்று நரம்பு கட்டும் இந்தக் கடையைப் போட்டு பதினான்கு வருஷம் ஆகிறது. நரம்பைப் பார்த்தால் ஆட்டக்காரரைச் சொல்லிவிடுவேன். ஓங்கி அடிக்கிறவர் மட்டையில் நட்டநடுவில், நெடுக்கு நரம்பும் குறுக்கு நரம்பும் உரசும் இடத்தில், சின்னச் சின்ன வெட்டு விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். பழகாதவருக்கு ஓரமாக, சட்டத்தை ஒட்டி அறுந்துபோகும். மகளின் நரம்பில் என் நகம் வழுக்கிக்கொண்டு போனது. நான் கட்டிய யோனெக்ஸ் பிஜி 65 நரம்பு கெட்டியானதுதான், 0.70 மில்லிமீட்டர். ஆனாலும் வாரத்துக்கு இருபது மணி நேரம் ஆடுகிற பிள்ளையிடம் அது இவ்வளவு நாள் தாங்கக் கூடாது.

அவள் அடிக்கவில்லை. தட்டிவிட்டு வருகிறாள்.

ஜனவரி 12, ஞாயிறு

மலேசியப் பொதுப் பூப்பந்து இறுதியாட்டம். பெண்கள் ஒற்றையரில் தென் கொரியாவின் ஆன் சே யங் வென்றார். பாதி ஆட்டத்தில் மகள் எழுந்து போய், யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். 2022 காமன்வெல்த் போட்டியில் மலேசியாவின் பெர்லி டானும் தினா முரளிதரனும் இரட்டையர் தங்கம் வென்றபோது வீடே அதிரக் கத்திய பிள்ளை இவள். "நம்ம பொண்ணுப்பா" என்று தினாவின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலமாரியில் ஒட்டினாள். அப்போது அவளுக்கு 13 வயது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சாயங்காலம் பயிற்சி இருந்தது. போனாள்.

ஜனவரி 21, செவ்வாய்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

பள்ளி விடுமுறை என்றால் பயிற்சி இரண்டு மடங்கு. விடியற்காலை ஐந்தரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். பினாங்கில் ஏழு மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும். அந்த நேரத்தில் நடுராத்திரி மாதிரிதான் இருக்கும். காரை நிறுத்தினேன். உள்ளே விளக்கு எரிகிறது, பந்து அடிபடும் சத்தம் கேட்கிறது. மகள் ஒரு காலில் சப்பாத்து போட்டிருந்தாள். இன்னொன்று மடியில் இருந்தது.

"அப்பா, இறங்க முடியல."

"கால் வலியா?"

"கால் இல்லப்பா."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. சப்பாத்துக் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வேணாம்பா. நிறுத்திக்கிறேன்" என்றாள். மெதுவாக, யாரோ தூங்குகிற அறையில் பேசுவது மாதிரி.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது வாயில் வந்தது கணக்குதான். எட்டு வருஷம். பயிற்சிக் கட்டணம், ஜொகூர் வரை போட்டிக்குப் போன செலவு, பன்னிரண்டு பந்து உள்ள குழாய் இன்று விற்கிற விலை, அவளுக்காக அம்மா ஓவர்டைம் பார்த்தது. எல்லாவற்றையும் வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் சொன்னேன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட அவள் திருப்பிக் கத்தியிருப்பாள்.

கேட்டுக்கொண்டே இருந்தவள் மடியில் இருந்த சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தாள்.

ஜனவரி 22, புதன்

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு நவம்பரிலேயே தெரியுமாம்.

"என்கிட்ட சொல்லப் பயமா?"

"பயம் இல்லங்க. அப்பாவ நெனச்சா பாவமா இருக்குன்னு சொன்னா."

பயம் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஜனவரி 26, ஞாயிறு

என் வாடிக்கையாளர் ஒருவர் விளையாட்டு மருத்துவம் படித்தவர். மட்டை வாங்க வந்தவரிடம் மனசுவிட்டுப் பேசினேன். அவர் முதலில் கேட்டது: "பிள்ளைக்கு வாரத்துல எத்தன நாள் ஓய்வு?" என்னிடம் பதில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இலேயே சொல்லிவிட்டதாம்: வாரத்தில் ஒன்று இரண்டு நாளாவது ஓய்வு, வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும், அதையும் ஒவ்வொரு மாதமாகப் பிரித்து எடுக்கலாம். எங்கள் வீட்டில் தொடர்ந்து மூன்று நாள் விட்டதே கோவிட் அடைப்பின்போதுதான். அப்போதும் வரவேற்பறைச் சுவரில் அடிக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னார். வெறும் களைப்பு என்றால் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். இது வேறு. உடம்பும் மனசும் சோர்ந்து, எவ்வளவு ஆடினாலும் ஒன்றும் தேறவில்லை என்று தோன்றி, கடைசியில் அந்த ஆட்டமே ஒரு பொருட்டாக இல்லாமல் போய்விடும். ஜே கோக்லி என்ற சமூகவியலாளர் 1992இல் எழுதியதைப் பற்றியும் பேசினார். பிஞ்சிலேயே ஆட்டத்தை விட்டுப் போகிற பிள்ளைகளை நாம் மனவலிமை இல்லாதவர்கள் என்கிறோம். ஆனால் தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இல்லை, ஆட்டக்காரர் என்பதைத் தவிர வேறு யாராகவும் இருக்க வழியில்லை என்ற நிலைமையிலிருந்துதான் அவர்கள் வெளியேறுகிறார்கள் என்பது அவருடைய வாதமாம்.

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். என் கைப்பேசியில் மகளின் எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது? பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூப்பந்துப் படம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். ரொட்டி சானாய் கடையில், அவள் இரண்டாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது. "பரவால்லப்பா" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆஸ்திரேலிய டென்னிஸ் ஆட்டக்காரர் ஆஷ் பார்ட்டியின் கதையை எடுத்தேன். சின்ன வயதிலேயே பேர் வாங்கி, 2014இல் டென்னிஸே வேண்டாம் என்று போய், கிரிக்கெட் ஆடி, 2016இல் திரும்பி வந்து, 2021இல் விம்பிள்டனை வென்றார் என்று சொன்னேன்.

மகள் கைப்பேசியில் கொஞ்ச நேரம் தேடினாள். "அடுத்த வருஷமே, 25 வயசுல, உலகத்துல முதல் எடத்துல இருக்கும்போதே விட்டுட்டாங்க. அத ஏன்பா சொல்லல?"

அவள் திரும்பி வருவாள் என்ற ஆசையில்தான் பாதியோடு நிறுத்தினேன். அவளுக்கும் அது தெரியும். கடையிலும் இதே பேச்சுதான். நம் பினாங்குப் பெண் கோ ஜின் வெய், இரண்டு முறை உலக இளையோர் வெற்றியாளர், 2021இல் உடல்நிலை காரணமாக 21 வயதில் தேசிய அணியை விட்டு விலகினார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்கள், "ஆனா திரும்பி வந்துட்டாங்களே" என்றுதான் முடிப்போம். வராமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். எட்டு வருஷத்தில் முதல் முறையாக மகள் முழு நாளும் எங்களோடு இருந்தாள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தாள். வெயிலில் வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு ஓடி ஓடிக் கொடுத்தாள். அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. ஒரு வருஷமாகக் களத்தில் அவள் கால் அப்படிப் பாயவில்லை.

சொந்தக்காரர்கள் விடவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போக விளையாட்டு மாதிரிப் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு மதிப்பெண் இருக்கிறதே, ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு வரைக்காவது ஆடட்டுமே என்றார் என் அண்ணன். "அத நாங்க பாத்துக்கறோம் மாமா" என்று என் மனைவி முடித்துவிட்டாள்.

பிப்ரவரி 19, புதன்

பயிற்றுநரிடம் மகளே பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். "இப்ப விட்டா இந்த எடம் வேற பிள்ளைக்குப் போயிடும்" என்றார் அவர். "போகட்டும் சார்" என்றாள். வேண்டா வெறுப்பாக இல்லை, மரியாதையாகவே சொன்னாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. மைலோ கலக்கி வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவளும் நானும் மட்டும் போகும் அந்த இருபது நிமிஷம், அவள் பாதித் தூக்கத்தில் என் தோளில் சாய்வது, பெட்ரோல் நிலையத்தில் வாங்கும் காயா ரொட்டி. இது எனக்குத்தான் தேவையாக இருந்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்காகவே மறுபடி வண்டியில் ஏறுவாள்.

மார்ச் 8, சனி

மகள் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் படிவம் 4 வகுப்புக் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூன்று மட்டையிலும் நரம்பை நேற்றே வெட்டிவிட்டேன். இரண்டை விற்கச் சொல்லியிருக்கிறாள். ஒன்றை என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு தகப்பனார் தன் மகளோடு வந்தார். சிறுமிக்கு ஒன்பது வயது இருக்கும்.

"அண்ணே, நரம்ப 27 பவுண்டுல இறுக்கிப் போடுங்க. பெரிய ஆளுங்க அதான போடறாங்க."

"இந்தக் கைக்கு 20 போதும் தம்பி. அவ்வளவு இறுக்கினா பந்து போகாது, தோள்தான் போகும்."

அவருக்கு மனசில்லை. அடுத்த மாதம் போட்டி இருக்கிறதாம். நான் சிறுமியைப் பார்த்துக் கேட்டேன்: "பாப்பா, உனக்கு வாரத்துல எந்த நாள் லீவு?"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். நான் இயந்திரத்தில் 20 வைத்து, முதல் நெடுக்கு நரம்பை இழுத்தேன்.