தென்னங்குற்றி வாங்கு

பள்ளிக்கூட மலருக்கு எழுதச் சொன்னதும் என் நினைவுக்கு வந்தது பரிசளிப்பு விழாவோ விளையாட்டுப் போட்டியோ அல்ல, காற்சட்டையைத் துளைத்து ஏறிய மரச்சிலாம்புதான்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை, சூறாவளி அடித்த நாள். மட்டக்களப்பில் எங்கள் வயதுக்காரர் எவரும் அந்தத் திகதியை மறக்கமாட்டார்கள். நான் அப்போது எட்டாம் வகுப்பு. அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குள் நிற்பது மறுநாள் காலை வெளிச்சம். தென்னோலை மறைத்திருந்த வானம் முழுக்கத் திறந்து கிடந்தது. மாவட்டத்தின் 31,000 ஏக்கர் தென்னையில் ஏறத்தாழ 28,000 ஏக்கர் அழிந்ததாகப் பின்னாளில் வாசித்தேன். அன்று எங்கள் கணக்கு, பள்ளிக்கூட ஒழுங்கையில் எத்தனை மரம் ஏறிக் குதித்தோம் என்பதுதான்.

சேதமான 240 பள்ளிக்கூடக் கட்டடங்களில் எங்களுடையதும் ஒன்று. கூரை இல்லை, நாங்கள் இருந்து படித்த வாங்குகள் நொறுங்கிக் கிடந்தன. பின்வளவுத் தோட்டக்காரரை நாங்கள் மாமா என்போம். அவருடைய தோட்டத்தில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இரண்டு பேர் பிடித்து அறுக்கும் பெரிய வாளோடு வந்துவிட்டார். மறுமுனையைப் பிடித்தவர் காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்), மாமாவிடம் வழமையாகத் தேங்காய் வாங்குபவர். இனி வாங்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் வந்திருந்தார்.

நான் விம்மிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். "அழுதா மரம் எழும்புமா மனே? குத்தியப் புடி" என்றார் மாமா.

குற்றிகளை நெடுகப் பிளந்து கால் கொடுத்து வாங்கு செய்தார்கள். எங்கள் தாய்மார் முற்றத்தில் இருந்து கிடுகு பின்னினார்கள். அந்த மாதம் ஓலைக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த வருசம்தான் அதன் அருமை தெரிந்தது. கொட்டிலில் வகுப்பு தொடங்கியது. சிலாம்புக்குப் பயந்து கொப்பியை அடியில் வைத்து இருந்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு நிவாரணம் கொண்டு வந்தவர்களுக்குக் கூட்டம் வைத்து மாலை போட்டோம். அது தகும். மாமாவுக்கு மாலை போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கடைசி வரிசையில், தானே அறுத்த வாங்கில் இருந்து எங்களோடு சேர்ந்து கைதட்டினார்.

அடுத்த மாரிக்குத் தென்னம்பிள்ளை நட்டபோது குழி வெட்ட நானும் போனேன். "காய்க்கக்குள்ள இளநி குடிக்க வா" என்றார். 1984இல் நான் நாட்டை விட்டு வந்துவிட்டேன்.

மறு வருசம் ஜேர்மனிக்கு அம்மாவின் கடிதம் வந்தது. வீட்டுப் புதினங்களுக்கெல்லாம் அடியில் ஒரு வரி: "மாமாட பிள்ளையள் பாளை தள்ளிட்டு. உன்னக் கேட்டவர்."