பீருக்குப் பேர் வைக்கும் முன்

கிண்டி டிரேட்மார்க் அலுவலக வாசலில் இன்று ஒரு தம்பி லேபிள் காட்டினார். ‘சென்னை ஸ்ட்ராங் பீர்’.

ஊர், குணம், பொருள். மூன்றும் யாரும் சொல்லக்கூடிய பொதுச்சொல். டிரேட்மார்க் சட்டம் பிரிவு 9-இல் ஆட்சேபம் நிச்சயம்.

டிரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பீர் 32-ஆம் வகுப்பு. தண்ணீர் பாட்டிலும் சோடாவும் அதே வகுப்புதான்! பலர் பீர் பேர்களை மட்டும் தேடிவிட்டு, ஏதோ ஒரு சோடா கம்பெனியிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். உச்சரிப்பு ஒத்துப்போகும் பேர்களையும் தேடுங்கள். ஒயின், விஸ்கி வரும் 33-ஐயும் விடாதீர்கள்.

விண்ணப்பக் கட்டணம், தனிநபருக்கும் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ் உள்ள சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் வகுப்புக்கு ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000.

விண்ணப்பத்தைப் பார்த்து அலுவலகம் அனுப்பும் ஆய்வறிக்கைக்கு 30 நாளில் பதில் போகணும். டிரேட்மார்க் இதழில் பேர் வெளியானபின் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாதம்.

தம்பிகளா, அதுவரை லேபிளை மொத்தமாக அச்சடிக்காதீர்கள்.