தூண்டிலை எடுக்குமுன் தண்ணீரை அளந்து பாருங்கள்: நீலகிரி ட்ரவுட் ஓடைகள்

நீலகிரியின் மேல்மட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, எட்டித் தாண்டிவிடக்கூடிய ஓடைகளில் வானவில் ட்ரவுட் தானாக முட்டையிட்டுப் பெருகுகிறது. இது நம் ஊர் மீன் இல்லை. 1860களில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 1907ல் ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் வானவில் ட்ரவுட் இங்கே காலூன்றியது. அதனுடன் முயன்று பார்த்த பழுப்பு ட்ரவுட் நிலைக்கவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடக் கூடாது. மற்ற இடங்களில் மீன்வளத்துறை அனுமதி வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையும் சம்மதிக்க வேண்டும். இரண்டும் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

இந்த ஓடைகளில் ஒரு சாண் மீன் நல்ல மீன். அதைப் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அது உயிரோடிருக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மழைக்காலத்து வெள்ளத்தைப் பார்த்து ஓடையை எடை போடாதீர்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அதில் பெரும்பகுதி சில நாட்களில் அணைகளுக்குள் போய்விட்டது. மார்ச்சில் ஓடையில் ஓடுவது மண்ணுக்குள் இறங்கிப் புல்வெளியிலும் பள்ளத்தாக்குச் சதுப்பிலும் தேங்கி, மெல்ல மெல்லக் கசியும் தண்ணீர். ட்ரவுட் அதை நம்பித்தான் இருக்கிறது.

அந்தக் கசிவை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஐந்து மீட்டர் நேராக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் பெரிய கல்லோ சுழலோ இருக்கக் கூடாது. மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அகலத்தையும், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து புள்ளிகளில் ஆழத்தையும் அளந்து சராசரி எடுங்கள். பிறகு ஓர் ஆரஞ்சுப் பழத்தை மேலே மிதக்கவிட்டு, ஐந்து மீட்டரைக் கடக்க எத்தனை நொடி என்று ஐந்து தடவை பாருங்கள். தெர்மாகோல் துண்டு வேண்டாம், காற்று தள்ளிவிடும். ஆரஞ்சு பெரும்பாலும் நீருக்குள் மூழ்கியபடி போவதால் நீரின் வேகத்தைக் காட்டும். மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். ஆகவே கிடைத்த வேகத்தை 0.8 ஆல் பெருக்க வேண்டும்.

சராசரி அகலம் 1.2 மீட்டர், ஆழம் 15 செ.மீ., ஆரஞ்சு 20 நொடியில் கடக்கிறது என்றால், நொடிக்கு 36 லிட்டர் ஓடுகிறது. அதே இடத்தில் ஏப்ரலில் அகலம் 90 செ.மீ., ஆழம் 8 செ.மீ., 36 நொடி என்று வந்தால் வெறும் 8 லிட்டர். கண்ணுக்கு ஓடை கொஞ்சம் இளைத்த மாதிரிதான் தெரியும். உள்ளே ஓடுவது கால் பங்குக்கும் குறைவு. கண்ணை நம்பாதீர்கள் என்பது இதனால்தான்.

ஆழம் இதைவிடக் குறைந்தால் ஆரஞ்சு அடியில் தட்டும். அப்போது தகரத் தகட்டில் 90 பாகை வி வடிவ வெட்டு வைத்து ஓடையின் குறுக்கே நிறுத்த வேண்டும். வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் 10 செ.மீ. இருந்தால் நொடிக்கு 4.4 லிட்டர், 13 செ.மீ. இருந்தால் 8.4, 15 செ.மீ. இருந்தால் 12. மட்டத்தைத் தகட்டை ஒட்டி அளந்தால் குறைவாகக் காட்டும், ஏனென்றால் அங்கே நீர் வளைந்து இறங்குகிறது. நீர் வரும் பக்கமாக அரை மீட்டராவது தள்ளி அளக்க வேண்டும். தகட்டின் அடியிலும் பக்கத்திலும் களிமண் அடைக்காவிட்டால் பாதித் தண்ணீர் சொல்லாமல் ஓடிவிடும். அளந்து முடிந்ததும் தகட்டை எடுத்துவிடுங்கள். விட்டுவந்தால் மீன் மேலேற முடியாது.

இனி வெப்பம். வானவில் ட்ரவுட் 10 முதல் 16 டிகிரி வரை நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியில் திணறத் தொடங்கும். 25ஐ ஒட்டினால் பிழைப்பது கடினம். மலை உயரம் இதை இன்னும் இறுக்குகிறது. கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் வைத்திருக்கும், இரண்டாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால் அது 7ஐச் சுற்றித்தான் நிற்கும். ட்ரவுட்டுக்கு 6க்குக் குறையக் கூடாது. ஆகவே சமவெளி நாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும் வெப்ப வரம்பை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானி 18 காட்டினால் கோலை மடித்துவிடுவது நல்லது. பிடித்துத் திரும்ப நீரில் விட்ட மீன் நீந்திப் போவதுபோலத்தான் இருக்கும். பாறைக்கடியில் போய்ச் செத்துக் கிடக்கும்.

கருவி எளியது. ஏழடிக் கோல், மூன்றாம் எண் கயிறு, அதன் முனையில் கட்டும் முன்நரம்பு இரண்டேகால் மீட்டர், நுனியில் 0.15 மி.மீ. நரம்பு. 14ஆம் எண் முள்ளில் கட்டிய மிதக்கும் ஃப்ளை (பூச்சிபோல இறகும் நூலும் சுற்றிய போலி இரை) ஒன்று, கருவண்டு வடிவில் ஒன்று, 16ஆம் எண்ணில் மூழ்கும் ஃப்ளை ஒன்று போதும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சோலைக்குள் கோலைப் பின்னால் வீச இடமிருக்காது, கிளையில்தான் மாட்டும். ஃப்ளையின் வளைவை விரலால் பிடித்து இழுத்து, கோல் நுனியை வில்லாக வளைத்து, விட்டுவிட வேண்டும். நான்கு மீட்டர் போகும். அதற்கு மேல் தேவையே இல்லை.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மடுவின் கீழ்முனையை முழங்காலிட்டு அணுகுங்கள். முதல் வீச்சை மடுவின் தலைக்கு, அதாவது மேல்முனைக்கு, போடும் ஆசை எல்லோருக்கும் வரும். போட்டால், வால்பகுதியில் நிற்கும் சிறு மீன் மிரண்டு மேலே ஓடி மொத்த மடுவையும் கலைத்துவிடும். வாலில் தொடங்கி மேலே போங்கள். ஃப்ளை நுரையோடு அதே வேகத்தில் வர வேண்டும்; நரம்பு வேக நீரில் விழுந்து ஃப்ளையைப் பக்கவாட்டில் இழுத்தால் மீன் அதைத் தொடாது. கோலை உயர்த்தி நரம்பை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நீர் வற்றிய காலத்தில் மீன்களெல்லாம் ஆழமான இரண்டு மூன்று மடுக்களில் ஒதுங்கும். அப்போது பிடிப்பது சுலபம், அதனாலேயே பிடிக்கக் கூடாது. மேலிருந்து நீர் விழும் சத்தம் கேட்காத மடுவில் வீசவே வேண்டாம். கோடை மழை பெய்த மறுநாள் மட்டம் இரண்டு விரல் ஏறி, நீர் வெளிர் தேநீர் நிறத்தில் வரும். போக வேண்டியது அப்போதுதான். முட்டையிடும் குளிர்காலத்தில் மடுவின் வாலில் சரளைக்கல் புதிதாகக் கிளறப்பட்டு வெளுத்துத் தெரிந்தால் அதில் காலே வைக்காதீர்கள்.

தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பங்கு குந்தா, பைக்காரா மின்திட்டங்களுக்கு. ஒரு பங்கு மோட்டாருக்கு. காரட், உருளைத் தோட்டத்துக்காக 5 குதிரைத்திறன் மோட்டார் 30 மீட்டர் உயரத்துக்கு இறைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் எடுக்கும். மேலே அளந்த 8 லிட்டர் ஓடையில் இரண்டு லிட்டர்தான் மிஞ்சும். அதில் மீனும் வாழாது, கீழே இருப்பவர் தோட்டமும் நனையாது. விவசாயியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பகல் முழுக்க ஓட்டாமல் இரவில் தொட்டி நிரப்பச் சொன்னால், வெயில் நேரத்து நீரோட்டமாவது பிழைக்கும்.

மூன்றாவது பங்கு மரங்களுக்கு. புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) தோட்டமாக நட்டார்கள். ஒன்று விஸ்கோஸ் துணியிழைக்கான கூழுக்கு, மற்றது தோல் பதனிடும் பட்டைக்கு. பனிக்காலத்தில் புல் காய்ந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். கற்பூர மரம் நிறுத்தாது. நீலகிரியின் கிளன்மார்கனில் ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தது. கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் இழப்பு கால் பங்கு. இது ஆண்டு மொத்தக் கணக்கு. இழப்பு உறைப்பது கோடைக் கசிவில்.

அதற்காகச் சீகையை வெட்டிச் சாய்த்தால் மறுவருடமே ஓடை பெருகிவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். மண்ணில் பல பத்தாண்டு விதை கிடக்கிறது. வெயில் பட்டதும் நாற்றங்கால் போட்டதுபோல முளைக்கும். வேலையை ஓடைத் தலையில், சதுப்பைச் சுற்றி, சிறு துண்டாகத் தொடங்க வேண்டும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயர நாற்றுகளை வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் நம் மலைப்புல்லின் தூர்களை நெருக்கமாக நட்டு, அடுத்த சில ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டும். கரையில் நிழல் தரும் பெரிய மரங்களைக் கடைசியில் எடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் நீர் சூடேறும். வெட்டிய கிளைகளை ஓடையில் தள்ளாதீர்கள். சரளைக்குமேல் சேறு படிந்து முட்டை மூச்சுத் திணறும். ஒன்றிரண்டு தடித்த தண்டுகளை மட்டும் குறுக்கே சாய்வாகக் கிடத்தி, கரையில் ஆழமாகப் புதைத்துவிட்டால், அவற்றின் கீழே அடுத்த வெள்ளம் ஒரு மடுவைத் தோண்டித் தரும்.